எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு கோடு

கேசவனுக்குக் கல்பாக்கத்தில் அளந்து பார்க்கிற வேலை. பட்டறையிலிருந்து வரும் சின்னச் சின்ன உலோகப் பாகங்களை மைக்ரோமீட்டரில் அளந்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும் இல்லையென்றால் சிவப்புச் சீட்டும் ஒட்ட வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலைதான். அவர் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டால் மேலே இருக்கிறவர்கள் வந்து கெஞ்சினாலும் அது பச்சையாகாது. வீட்டிலும் அதே கண்தான். தோசை ஒரு பக்கம் முறுகி ஒரு பக்கம் வெளுத்திருந்தால் வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார். தட்டை மட்டும் லேசாகத் திருப்பிப் பார்ப்பார்.

"பாத்தாச்சா? பச்சையா செவப்பா?" என்று கேட்பாள் லதா.

அந்த வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. லதாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது அவர்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்தில் குடியிருந்தார்கள். மேல் வீட்டுக்கு ஓடியதால் மகளோடு மூன்று பேரும் பிழைத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு இறங்கி வந்து பார்த்தால் மெத்தை, துணிமணி, கல்யாண ஆல்பம் எல்லாம் சேறு. பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்மேல் ஒரு துளி படவில்லை.

"என் கல்யாண போட்டோ போச்சு. உங்க போலீஸ்காரனுங்க மட்டும் காத்தாட உக்காந்துகினு இருக்கானுங்க" என்று லதா அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னதைக் கேசவன் இன்னும் மறக்கவில்லை.

போலீஸ்காரர்கள் என்பது டின்னுக்குள் இருந்த நாற்பத்தொரு அட்டைகள். 1969-இல் செங்கல்பட்டில் எட்டாவது படித்தபோது, பள்ளிக்கூட நூலகத்துக்கு வரும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பேனா நண்பர்கள் பக்கத்தைப் பார்த்துக் கேசவன் அமெரிக்காவில் ஒரு பையனுக்குக் கடிதம் போட்டான். ஒஹையோ மாநிலத்தில் ஏதோ சின்ன ஊர், பெயர் வால்டர். இவன் தீப்பெட்டிப் படங்களை உரித்துக் காயவைத்து அனுப்புவான். பதிலுக்கு அவன், தன் ஊரில் சூயிங்கம் பாக்கெட்டோடு வரும் ஆட்டக்காரர் அட்டைகளில் தன்னிடம் ரெண்டு இருப்பவற்றை அனுப்புவான். அப்போது அது ஒரு விளையாட்டு என்பதே கேசவனுக்குத் தெரியாது. தொப்பி, பெல்ட், கையில் தடி. எல்லாரும் அமெரிக்கப் போலீஸ் என்று முடிவு கட்டிவிட்டான். வால்டரின் அப்பா பெரிய போலீஸ் அதிகாரியாக இருக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டான். மீசை முளைக்காத முகத்தோடு ஒருவன் இருந்தான், ஒரு கையில் பெரிய தோல் உறை மாட்டியபடி. அவனுக்குக் கேசவன் வைத்த பெயர் புது கான்ஸ்டபிள்.

கூடப் படித்தவர்கள் யாருக்கும் அந்த அட்டைகள் வேண்டியிருக்கவில்லை. கோலிக்கும் பம்பரத்துக்கும் அதை மாற்றிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றிக் கேசவன் டின்னில் வைத்தான். மூன்று வருஷம் கழித்து, ஐ.டி.ஐ. படிக்கப் போன சமயத்தில், கடிதப் போக்குவரத்து தானாக நின்றுபோனது. டின் மட்டும் அவரோடு ஒவ்வொரு வீடாக வந்தது.

சுனாமிக்குப் பிறகு லதா குவார்ட்டர்ஸில் இருக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடன் வாங்கிப் புதுப்பட்டினத்தில் ஒரு வீடு கட்டினார்கள். தரைத்தளம் எழும்பியதோடு கையிருப்பு தீர்ந்தது. மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. "மேல ஒரு தளம் வேணுங்க. ஏறி ஓடறதுக்கு நமக்குன்னு ஒரு மாடி வேணும்" என்று லதா மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவாள். அவள் அலங்காரத்துக்குக் கேட்கவில்லை என்பது கேசவனுக்குத் தெரியும். இரவில் காற்று பலமாக அடித்தால் அவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

2007 தொடக்கத்தில் இவர்கள் மகள் சங்கரி ஒரு செய்தியோடு வந்தாள். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் இரவு எட்டுக்குள் வந்துவிடுவாள். அமெரிக்காவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருதரம் கிரெக் என்று ஒருவர் வேலையைப் பார்வையிட வருவார். மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் தன் சின்ன வயசுக் கதையைச் சொல்லியிருக்கிறார். செருப்புப் பெட்டி நிறைய பேஸ்பால் அட்டைகள் வைத்திருந்தாராம். கல்லூரிக்குப் போன வருஷம் அவர் அம்மா அதைக் குப்பையில் போட்டுவிட்டாராம். இன்றைக்கு அது இருந்திருந்தால் வேலைக்கே வந்திருக்கமாட்டேன் என்றாராம்.

"அப்பா, உங்க போலீஸ்காரங்க இருக்காங்க இல்ல, அதுதாம்பா அது!"

சங்கரி டிஜிட்டல் கேமராவில் நாற்பத்தொன்றையும் படம்பிடித்து அனுப்பினாள். அரைமணி நேரத்தில் கிரெக்கிடமிருந்து மெயில் வந்தது. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். புது கான்ஸ்டபிளைக் கையால் தொடாதீர்கள், விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், நான் அடுத்த வாரம் வருகிறேன்.

புது கான்ஸ்டபிள் பிற்காலத்தில் பெரிய பந்து வீச்சாளன் ஆகிவிட்டானாம். அது அவன் ஆட வந்த முதல் வருஷத்து அட்டை. அச்சடித்தது லட்சக்கணக்கில்தான். ஆனால் அமெரிக்கப் பையன்கள் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி டடடடவென்று ஓட்டினார்கள், ரப்பர் பேண்ட் போட்டுப் பாக்கெட்டில் திணித்தார்கள், சுவரில் விட்டெறிந்து பந்தயம் கட்டினார்கள். முனை மழுங்காத அட்டை கிடைப்பதே அரிது. அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அட்டையைப் பரிசோதித்து ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து சீல் செய்து தருவார்கள். இந்த அட்டை ஐந்து மதிப்பெண் வாங்கினால் ஒரு சைக்கிள் வாங்கலாம். எட்டு வாங்கினால் இரண்டாயிரத்து எண்ணூறு டாலர். ஒன்பது வாங்கினால் பன்னிரண்டாயிரம். வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது.

"பன்னெண்டாயிரம் டாலர்னா?" என்றாள் லதா.

"அஞ்சு லட்சத்துக்கு மேலம்மா."

லதா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

கேசவனுக்கோ வேறொன்று பிடித்துப்போனது. மதிப்பெண் போடும் முறையைச் சங்கரி அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். நான்கு முனை, நான்கு விளிம்பு, பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்ற கணக்கு, அச்சின் தெளிவு. படிக்கப் படிக்க அவருக்குத் தன் வேலையை யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது. இப்படிப் பார்ப்பதற்கென்று உலகத்தில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள், அதற்கு மரியாதையும் இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அட்டைகளில் நல்லவை பத்தை எடுத்து, பூதக்கண்ணாடியும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்துத் தானே மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதினார். புது கான்ஸ்டபிளுக்கு எட்டு போட்டார்.

மதிப்பெண் போடுவதற்காக அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு முன் வால்டரிடம் கேட்டுவிட வேண்டும் என்றார். சங்கரி அந்த ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் பக்கத்தில் தேடி நான்கு நாளில் ஆளைப் பிடித்துவிட்டாள். வால்டருக்கு இப்போது ஐம்பத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவர் பதில் எழுதினார். "புலி போட்ட தீப்பெட்டியும் சாவி போட்ட தீப்பெட்டியும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் அட்டைகளை நானே சைக்கிளில் கட்டி நாசம் பண்ணினேன். உன்னிடம் போனதால்தான் அந்த நாற்பத்தொன்று பிழைத்தது. நாம் மாற்றிக்கொண்டோம், கணக்கு அன்றைக்கே முடிந்தது. விற்றால் சொல்லு, சந்தோஷப்படுவேன்." கூடவே பேருந்துக்கு முன்னால் நிற்கும் தன் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். அந்த மனிதரையும் கேசவன் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி இல்லவே இல்லை.

கிரெக் வந்து பத்து அட்டைகளையும் கைப்பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். ஏழு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. சங்கரி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். சாப்பாட்டு மேஜையில் பத்து பிளாஸ்டிக் பெட்டிகளையும் வரிசையாக வைத்தார்கள். கேசவன் நோட்டைத் திறந்தார்.

"ஏழு" என்று சங்கரி படித்தாள்.

"ஏழு" என்றார் அவர், நோட்டைப் பார்த்து.

"ஆறு."

"ஆறு."

ஒவ்வொன்றாக ஒத்துப்போகப் போக லதாவே நோட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றில் மட்டும் அவர் ஏழு போட்டிருக்க, அவர்கள் ஆறு போட்டிருந்தார்கள். பின்பக்கம் சூயிங்கம் கறை இருந்ததை அவர் அச்சின் நிறம் என்று நினைத்துவிட்டார். "சரிதான், தப்பு என்னுது" என்று சந்தோஷமாகத் திருத்திக்கொண்டார். கடைசியாகப் புது கான்ஸ்டபிள்.

சங்கரி படிக்காமல் பெட்டியை அம்மாவிடம் நீட்டினாள். சீட்டில் 9 என்று இருந்தது.

லதா மகளைக் கட்டிக்கொண்டாள். மாடிப்படி எந்தப் பக்கம் வரும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று இருவரும் ஒரே மூச்சில் பேசினார்கள். கேசவன் எழுந்து போய் மேஜை விளக்கை எடுத்துவந்தார். குழல்விளக்கை அணைத்துவிட்டு, விளக்கைப் படுக்கவைத்து, பெட்டியை அதன் வெளிச்சத்தில் மெல்ல சாய்த்தார்.

"இருக்கு" என்றார்.

"இன்னா இருக்கு?"

"கோடு."

அந்தப் பழைய கதையை இருவரிடமும் சொன்னார். பதினான்கு வயதில் கேசவனுக்குப் படம் வரையும் ஆசை வந்திருந்தது. மெல்லிய தாளை அட்டைமேல் வைத்து, புது கான்ஸ்டபிளின் தோலுறையைப் பால்பாயிண்ட் பேனாவால் நகலெடுக்கப் பார்த்தான். கால் அங்குலம் இழுத்ததும் பயந்து நிறுத்தினான். தாளை எடுத்துப் பார்த்தால் உறையின் ஓரமாக ஒரு பள்ளம், மயிரிழை கனம். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியும். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அந்தக் கோட்டினால்தான் அவர் எட்டு போட்டது.

"அவங்க பாக்காம விட்டுட்டாங்க. இது ஒம்பது கெடையாது" என்றார்.

சங்கரி நிதானமாகப் பேசிப் பார்த்தாள். "அப்பா, அவங்க தினம் ஆயிரம் அட்டை பாக்கறவங்க. பாத்து ஒம்பதுன்னு சீல் வச்சுட்டாங்க. நாம பொய் சொல்லல. நாம ஒண்ணுமே சொல்லல."

"அவங்க பாக்கலம்மா. நான் பண்ணினேன். எனக்குத் தெரியும் இல்ல?"

"ஏங்க, இத்தனை வருஷம் கவர்மெண்ட்டுக்குப் பாத்தது போதாதா? இது நம்ம வூட்டு விஷயம்" என்றாள் லதா. அவர் மறுபடி பெட்டியை விளக்கில் சாய்ப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள்.

கேசவன் மதிப்பெண் போட்ட நிறுவனத்துக்குச் சங்கரியை மெயில் எழுதவைத்தார். மதிப்பெண் என்பது தங்கள் நிபுணர்களின் கருத்து, அது மாறாது, வேண்டுமானால் கட்டணம் கட்டித் திருப்பி அனுப்பலாம் என்று பதில் வந்தது. லதா அதைக் கேட்டுவிட்டு, "அவங்களே வேணாம்னுட்டாங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வாரம் அவளுக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. சோறு வேளைக்கு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. வேலையிடத்தில் அவர் கவனம் தப்பி ஒரே பாகத்தை மூன்றுதரம் அளந்தார். தான் செய்வது வீம்பா என்று யோசித்தார். மாடியைப் பற்றியும் யோசித்தார். காற்று அடிக்கும்போது எழுந்து உட்காரும் லதாவைப் பற்றியும்தான். எப்படி யோசித்தாலும், அந்த அட்டையை வாங்குகிறவன் ஒருநாள் விளக்கைச் சாய்ப்பான் என்ற இடத்திலேயே வந்து நின்றது.

வழி கண்டுபிடித்தது சங்கரிதான். "ஏலத்துல போடுவோம்பா. அவங்க ஒம்பது குடுத்திருக்காங்கன்னும் போடுவோம், இந்த எடத்துல கோடு இருக்குன்னும் போட்டோவோட போடுவோம். தெரிஞ்சே வாங்கறவன் எவ்வளவு குடுப்பானோ குடுக்கட்டும்."

கோட்டைப் படம்பிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பிளாஸ்டிக் பெட்டி பளபளத்தது. விளக்கை எப்படி வைத்தாலும் படத்தில் விளக்குதான் விழுந்தது. சனிக்கிழமை மாலை அப்பாவும் மகளும் மொட்டைமாடிக்கு ஏறி, சூரியன் சாய்ந்து வருவதற்காகக் கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்கு வெளிச்சம் தரையோடு தரையாக வந்தது. சங்கரி கேமராவை வைத்து எடுத்து எடுத்துப் பார்த்தாள். முப்பது படத்திலும் கோடு இல்லை.

லதா டீ எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவந்தாள். டம்ளர்களைக் கைப்பிடிச்சுவர்மேல் வைத்துவிட்டு, இவர்கள் படும் அவஸ்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை விரித்துப் பெட்டிக்கு மேலே கூடாரம் மாதிரி பிடித்தாள்.

"இப்ப எடு" என்றாள்.

மேலிருந்து விழுந்த ஆகாயத்தின் வெளிச்சம் மறைந்து, பக்கவாட்டு வெயில் மட்டும் அட்டையை உரசிக்கொண்டு போனது. தோலுறையின் ஓரத்தில் மெல்லிய கோடு எழுந்து நின்றது. சங்கரி எடுத்துவிட்டாள். லதா குனிந்து பெட்டியைப் பார்த்தாள்.

"இத்தனூண்டா? இதுக்கா அன்னிக்கு சோறு சாப்புடாம இருந்தீங்க?" என்றாள். எட்டு நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான். கேசவனுக்கு டீ அன்றைக்கு மிக நன்றாக இருந்தது.

ஏலம் பத்து நாள் ஓடியது. விற்கிறவனே குறை சொல்லும் அட்டையை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. கேள்விகள் வந்து குவிந்தன. ஒருவன் முட்டாள் என்றே எழுதினான். கடைசி நாள் இரண்டு பேர் மாறி மாறி ஏற்றி, நாலாயிரத்து இருநூறு டாலரில் நின்றது. வாங்கியவர் ஒரு பல் டாக்டர். அட்டை கையில் கிடைத்ததும் அவர் எழுதினார்: விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது, நானும் எட்டுதான் போடுவேன், எட்டுக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுத்தது உங்களை நம்பி மற்ற அட்டைகளையும் வாங்கலாம் என்பதற்காக. ஆறும் ஏழும் வாங்கியிருந்த அட்டைகளில் நான்கை அவரே நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். மீதி முப்பத்தாறைக் கேசவன் விற்கவில்லை.

எல்லாம் சேர்த்து முழு மாடிக்குப் பாதிகூட வரவில்லை. ஒரு அறை, ஒரு குளியலறை, சிமெண்ட் படிக்கட்டு. அவ்வளவுக்கு வந்தது. ஆவணியில் பால் காய்ச்சினார்கள். வால்டருக்குப் படம் அனுப்பினார்கள். செங்கல்பட்டில் வேன் ஓட்டும் லதாவின் தம்பி உலகநாதன் குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு மாடி அறையில் கால் நீட்டி உட்கார்ந்தவனுக்கு மனசு ஆறவில்லை.

"இன்னா மாமா நீ! கம்முனு இருந்திருந்தா இந்நேரம் நாலு ரூமு வந்திருக்கும். எவன் கேட்டான் உன்ன? ஏன்க்கா, நீயாவது சொல்லக்கூடாதா?"

கேசவன் சிரித்தபடி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். லதா தம்பிக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

"சொல்லாமலா இருந்தேன்? ஒரு வாரம் பேசாமகூட இருந்து பாத்துட்டேன்டா. நாலு ரூமு கட்டியிருந்தா இவரு நாலு ரூமுலயும் நடந்துகினு இருந்திருப்பாரு. தூங்கமாட்டாரு. அவரு நடந்தா நானும் தூங்கமாட்டேன். எனக்கு ஏறி வந்து படுக்கறதுக்கு ஒரு எடம்தான் வேணும். கீது இல்ல?"

உலகநாதன் தலையைச் சொறிந்தான். "அது சரி. மீதி முப்பத்தாறு கீதாமே, அதையாவது..."

"அதுங்க இருக்கட்டும்" என்றாள் லதா. "நம்ம வூட்டோட வந்ததுங்க."

விருந்தாளிகள் கீழே போன பிறகு அவள் ஜன்னல் கதவைத் திறந்து கொக்கி மாட்டினாள். சவுக்குத் தோப்புக்கு மேலே கடல் ஒரு விரற்கடை அளவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு பாயை விரித்து, முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். வெளியே காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. கேசவன் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு இறங்கப் போனவர், வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.